வினைசெய்வான் யார்? திருக்குறள்வழி மனிதவளத் தகுதி பேசும் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளில் மனிதவள மேலாண்மையைக் காணும் ஆய்வுகள் தமிழ்க் கல்விப்புலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய அதிகாரங்களை இக்கால ஆட்தேர்வு முறைகளோடு இணைவைப்பது அவற்றின் பொதுப்போக்கு. இவ்விணைவைப்பில் குறளின் மன்னன் மேலாளனாகவும், குறளின் வினைசெய்வான் தொழிலாளியாகவும் மாற்றப்படுகின்றனர். இம்மாற்றம் மூலத்துக்குப் பொருந்தாது என்பதும், வினைசெய்வான் என்பவன் பிறர்மீது அதிகாரம் பெற்றவன் ஆதலின் அவ்வதிகாரங்கள் மனிதவள அலுவலரின் தகுதியைப் பற்றியே பேசத்தக்கன என்பதும் இக்கட்டுரையின் வாதம். கங்காணி முறை, நல அலுவலர் பற்றிய சட்டம், கம்பம் பள்ளத்தாக்கின் தொழிற்களங்கள், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் ஆகியவற்றைக் கொண்டு அவ்வாதம் சோதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தகுதி, வினைசெய்வான், மனிதவளம், கங்காணி, நல அலுவலர், செயல்திறன், தேனி அல்லிநகரம், கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

தமிழ்த்துறைக் கருத்தரங்கத் தொகுப்புகளைப் புரட்டுவோர்க்குத் திருக்குறளில் மனிதவள மேலாண்மை என்னும் தலைப்போ அதனை ஒட்டிய ஒன்றோ எளிதில் தென்படும். அத்தகு கட்டுரைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. மேலாண்மைப் பாடநூலிலிருந்து ஆட்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி, பணி ஒப்படைப்பு, செயல்திறன் மதிப்பீடு என ஐந்தாறு தலைப்புகள் எடுக்கப்படும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறள் வைக்கப்படும். இக்கால மேலாண்மை கண்டறிந்ததை வள்ளுவர் முன்பே கூறிவிட்டார் என்ற முடிவு இறுதியில் எட்டப்படும். இம்முறையில் குறளைக் கொண்டு மேலாண்மைக் கோட்பாடு சோதிக்கப்படுவதில்லை. மேலாண்மையைக் கொண்டு குறளும் சோதிக்கப்படுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பாராட்டிக்கொள்வதோடு ஆய்வு நின்றுவிடுகிறது.

இது வெறும் ஆய்வு நெறியியல் குறை அன்று. தேனி அல்லிநகரத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை, வணிக மேலாண்மை ஆகிய பட்டங்களுக்குச் செல்லும் மாணவர் உள்ளனர். அவர்களுள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருப்போரும் உண்டு. ஏலத்தோட்டத்திலோ திராட்சைத் தோட்டத்திலோ நூற்பாலையிலோ கூலிக்கு உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். பட்டம் பெற்றபின் அவர்கள் அமரும் மேசையின் எதிர்ப்புறத்தில் தம் பெற்றோரைப் போன்ற ஒருவர் நிற்பார். அந்த மேசையில் அமர்வதற்குரிய தகுதி எது என்ற வினாவுக்குத் தமிழ் ஆய்வு தரும் விடை, அம்மாணவரின் பணிவாழ்வைத் தொடக்கூடியது. எனவே அவ்விடையை உரசிப் பார்ப்பது தேவையாகிறது.

தகுதி என்னும் சொல்

இன்றைய வழக்கில் தகுதி என்பது பெரும்பாலும் கல்வித்தகுதியைக் குறிக்கும். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் தகுதி என்ற சொல்லை அடுத்து வருவது பட்டத்தின் பெயர். குறளிலோ இச்சொல் வேறொரு தடத்தில் இயங்குகிறது. நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறளில் (111) தகுதி என்ற சொல்லே நடுவுநிலைமையின் பெயராக வருகிறது. பரிமேலழகரும் அப்பொருளே கொள்கிறார். பகைவர், அயலார், நண்பர் என்ற பகுப்புத்தோறும் முறை பிறழாது நிற்றலே ஆண்டுத் தகுதி எனப்படுகிறது. அதே அதிகாரத்தில் (114) ஒருவர் தக்கவரா அல்லரா என்பது அவர் விட்டுச்செல்வதைக் கொண்டு அறியப்படும் என்ற கருத்தும் இடம்பெறுகிறது.

மனிதவள மேலாண்மை பேசும் கட்டுரைகள் பொருட்பாலின் இரண்டு அதிகாரங்களோடு நின்றுவிடுவதால், அறத்துப்பாலில் உள்ள இவ்வாட்சி அவற்றின் கண்ணில் படுவதில்லை. ஆயின் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நிற்பவர் ஒருவரின் தகுதியைப் பற்றி ஆராயும்போது, இடைநிற்றலையே தகுதி என்று பெயரிட்ட நூலின் இச்சொல்லாட்சியை விலக்கிவிட்டுப் பேசுவது பொருந்தாது. சான்றிதழ் ஒருவர் கற்றதைக் காட்டும். அவர் யார் பக்கம் சாய்வார் என்பதை அது காட்டாது.

விட்டுச்செல்லப்படும் குறள்கள்

இணைவைப்பு ஆய்வுகள் எடுத்தாளும் குறள்களைவிட அவை விட்டுச்செல்லும் குறள்களே கூடுதலாகப் பேசுகின்றன. மூன்றினை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, தெரிந்து தெளிதலின் முதற்குறள் (501). அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் திறம் தெரிந்து ஒருவனைத் தெளிய வேண்டும் என்பது அதன் கருத்து. இது நேர்காணல் நுட்பம் என்று எளிதாகச் சொல்லப்படுகிறது. பரிமேலழகரோ இவற்றை உபதை என்னும் சோதனைகளாக விளக்குகிறார். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முதல் அதிகரணத்தின் பத்தாம் அத்தியாயத்தில் கூறும் மறைமுகச் சோதனைகளோடு ஒப்பிடத்தக்கவை அவை. அரசனுக்கு எதிராகச் சூழ்ச்சி நடப்பதாகப் பொய்யாக நம்பவைத்து, அமைச்சன் அதற்கு இணங்குகிறானா எனப் பார்ப்பது அம்முறை. உரைமரபைப் பின்பற்றினால், இக்காலத் தொழிற்களத்தில் எந்த அலுவலரும் ஒரு தொழிலாளியிடம் செய்யக்கூடாத ஒன்றை நேர்காணல் எனப் பாராட்டியதாக முடியும். உரைமரபை மறுத்து நேர்பொருள் கொள்வதாயின் அதற்கான காரணம் காட்டப்பட வேண்டும். இரண்டும் செய்யப்படுவதில்லை.

இரண்டாவது, சுற்றம் அற்றாரைத் தெளியாதிருக்கச் சொல்லும் குறள் (506). பற்று இல்லாதவர் பழிக்கு நாணார் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். பிறப்பும் உறவும் பாராது ஆள் எடுத்தல் என்ற இக்கால நெறிக்கு இது நேர்மாறானது. இணைவைப்பு அட்டவணையில் இதற்கு இடம் கிடைக்காமல் போவது வியப்பன்று.

மூன்றாவது, எவ்வகையில் ஆராய்ந்து தெளிந்தாலும், வினையில் அமர்ந்தபின் அவ்வினையின் இயல்பால் வேறுபடுவோர் பலர் என்னும் குறள் (514). தேர்வுக்கும் செயலுக்கும் இடையில் உறுதியான பாலம் இல்லை என்ற ஒப்புதல் இது. ஆட்தேர்வின் பெருமை பேசும் கட்டுரைக்கு இக்குறள் இடையூறு. தகுதிக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவை ஆராயும் கட்டுரைக்கோ இதுவே தொடக்கப்புள்ளியாக வேண்டும்.

வினைசெய்வான் யார்?

இவ்விரு அதிகாரங்களும் பொருட்பாலின் அரசியல் பகுதியில் அமைந்தவை. அவற்றின் கேட்போன் மன்னன். அவன் தேர்ந்தெடுப்பவன் உழுபவனோ சுமப்பவனோ நெய்பவனோ அல்லன். அரசின் வருவாயைப் பெருக்கவும் (512) குடிகளிடத்து ஆணையைச் செலுத்தவும் அமர்த்தப்படும் அதிகாரி. வினைசெய்வான் என்னும் சொல்லை வேலை செய்பவன் என்று இக்காலப் பொருளில் வாசிக்கும்போது, அதிகாரியின்மீது வைக்கப்பட்ட கண் தொழிலாளியின்மீது திருப்பப்பட்டுவிடுகிறது.

இத்திருப்பத்தின் விளைவு தெரிந்து வினையாடலின் இறுதிக் குறளில் (520) தெளிவாகப் புலப்படும். வினைசெய்வான் கோணாதவரை உலகு கோணாது. ஆகவே மன்னன் நாள்தோறும் அவனை ஆராய வேண்டும் என்பது அதன் கருத்து. இக்குறள் அன்றாடச் செயல்திறன் மதிப்பீட்டுக்குச் சான்றாக, அதாவது மேலாளர் தொழிலாளியை நாள்தோறும் கண்காணிப்பதற்கு ஆதரவாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒருவன் கோணினால் உலகமே கோணும் என்ற அச்சம் யாரைக் குறித்து எழும்? நூற்பாலையில் இழை முடிபவரைக் குறித்தன்று. பலருடைய கூலியும் விடுப்பும் வேலையும் எவர் கையொப்பத்தில் தங்கியுள்ளனவோ அவரைக் குறித்தே எழும். இக்காலத் தொழிற்களத்தில் அவ்விடத்தில் இருப்பவர் மனிதவள அலுவலர். எனவே இக்குறளை இக்காலத்துக்குக் கொணர்வதாயின், நாள்தோறும் ஆராயப்பட வேண்டியவர் அவரே. அவ்வாறு கொள்ளும்போது இரண்டு அதிகாரங்களும் தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கும் கையேடாக இராமல், தொழிலாளியின்மீது அதிகாரம் பெறுபவரின் தகுதிக்கான அளவுகோலாகின்றன.

கங்காணி: சுற்றமே தகுதியானபோது

சான்றிதழ் வருவதற்கு முன் அவ்விடத்தில் இருந்தவர் கங்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற்பணிகளை மேற்பார்ப்போரைக் குறித்த கண்காணி என்னும் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் ஆள்சேர்த்து ஆளும் நடுவரைக் குறிப்பதாயிற்று. கங்காணியின் தகுதி அவருடைய ஊரும் உறவும். தம் ஊரில், பெரும்பாலும் தம் சாதியில், தம் சுற்றத்தில் ஆள்சேர்த்து அழைத்துச்செல்லக் கூடியவர் என்பதாலேயே தோட்டத்துரை அவரை நம்பினார். சேர்ந்தவர் ஓடிப்போகாதிருக்க உறவும் முன்பணமும் ஒருசேரப் பிணித்தன. இலங்கையில் தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச்சீட்டு, அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றும் கருவியாகவே இயங்கியது. 1921இல் அம்முறை விலக்கப்பட்டது.

506ஆம் குறள் வற்புறுத்தும் சுற்றப்பற்று முழுமையாகச் செயற்பட்ட ஆட்தேர்வு முறை இதுவாகும். ஆயினும் அதன் விளைவு குறள் எதிர்பார்த்த நாணுடைமையாக அமையவில்லை. உறவே கடனுக்குப் பிணையாயிற்று. பழிக்கு அஞ்ச வேண்டிய கங்காணிக்குத் துரையிடமிருந்து தலைக்காசு கிடைத்தது. அவரை நாள்தோறும் ஆராயும் மன்னன் எவனும் இல்லை. இவ்வரலாறு குறளைப் பொய்யாக்குகிறது என்பதற்கில்லை. அன்பு காரணமாக அறிவிலாரைத் தெளிவதையும் (507), வேண்டியவன் என்பதற்காக வினையை ஒப்படைப்பதையும் (515) அதே அதிகாரங்கள் விலக்குகின்றன. சுற்றம் என்பதைத் தனித்தெடுத்தால் கங்காணி முறைக்கே அது இட்டுச்செல்லும். 507, 515, 520 ஆகியவற்றோடு சேர்த்து வாசித்தால் மட்டுமே 506 பொருள்படும். ஒரு குறள், ஒரு தலைப்பு என்ற இணைவைப்பு முறையின் ஆபத்து இவ்விடத்தில் வெளிப்படுகிறது.

நல அலுவலர்: சட்டம் வகுத்த தகுதி

இடைத்தரகர் வழியாக ஆள்சேர்க்கும் முறையின் கையூட்டையும் கொடுமையையும் 1931இல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை கண்டித்தது. ஆள்சேர்ப்பை அவர்களிடமிருந்து விலக்கித் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் யார்க் நகரில் 1913இல் கூடிய நலப்பணியாளர் சங்கம், பின்னர் பணியாளர் மேலாண்மைக் கழகமாகி, இன்று மனிதவளத் தொழிலுக்குச் சான்றளிக்கும் பட்டய நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவில் தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம், பழைய இரண்டு அமைப்புகளின் இணைப்பால் 1980இல் உருவாயிற்று. தமிழகத்தில் 1952இல் தொடங்கப்பட்ட சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் இத்துறைக்கான பட்டங்களை வழங்கின.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் அமர்த்தப்பட வேண்டும் என விதித்து, அவருடைய கடமைகளையும் தகுதிகளையும் வகுக்கும் உரிமையை மாநில அரசுக்கு அளித்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவ்வெண்ணை 300 எனக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கும் அதனை 250 எனக் குறைத்தது.

இவ்விதிகளில் திறனாய்வுக்குரிய இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று மொழி. நல அலுவலருக்குப் பட்டமும் சமூக அறிவியல் பட்டயமும் போதா. தொழிலாளருள் பெரும்பான்மையோர் பேசும் மொழியில் போதிய அறிவும் வேண்டும் என மாதிரி விதிகள் கூறுகின்றன. சான்றிதழால் மட்டும் முழுதும் நிறுவ இயலாத ஒரு தகுதியை, தொழிலாளியின் பேச்சுக்குச் செவிகொடுக்கும் ஆற்றலை, சட்டம் தகுதிப் பட்டியலிலேயே சேர்த்தது. மற்றொன்று விலக்கு. தொழிலாளிமீதான ஒழுங்கு நடவடிக்கையை நல அலுவலர் கையாளக்கூடாது. தொழிலாளிக்கு எதிராக நிருவாகத்தின் சார்பில் நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ தோன்றவும் கூடாது. சம்பளம் தருபவர் நிருவாகமே ஆயினும் சாய்வுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. நடுவுநிலைமையைத் தகுதி என்ற குறளின் சொல்லாட்சிக்கு மிக நெருங்கிவரும் இக்காலச் சட்டவாசகம் இது.

நல அலுவலர் என்ற பெயர் பணியாளர் அலுவலராகி மனிதவள மேலாளராக மாறியபோது இவ்வெல்லை மங்கியது. ஆள்சேர்ப்பு, ஊதியம், நலம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய அனைத்தும் ஒரே துறையின் கீழ் வந்தன. வளம் என்ற சொல்லும் இதில் பங்கு வகித்தது. நீர்வளம், நிலவளம், கனிவளம் ஆகியவை பிறர் பயன்கொள்ளக் கிடப்பவை. அவ்வரிசையில் மனிதரையும் வைத்த சொல்லில் மனிதருக்குக் குறை சொல்லும் வாய் இல்லை. நடுவண் அரசின் கல்வித்துறையே 1985 முதல் 2020 வரை மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எனப் பெயர் தாங்கியிருந்தது என்பது இச்சொல் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைக் காட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு: எண்ணிக்கைக்கு வெளியே

சட்டம் வகுத்த தகுதி எத்தனை சிறப்பாயினும் அது 500, 300, 250 என்னும் எண்களை எட்டும் இடங்களுக்கே உரியது. தேனி மாவட்டத்தின் தொழிற்களங்களை நோக்கும்போது இவ்வெண்களின் பொருள் விளங்கும். தேனி அல்லிநகரம் என்று நகராட்சியின் பெயரிலேயே இணைந்து நிற்கும் இரட்டையூர், பருத்தியும் விளைபொருளும் கைமாறும் சந்தையூராக வளர்ந்தது. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் விரியும் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாற்று நீரால் விளையும் நெல், திராட்சை, வாழை; போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமையமும் காய் தரம் பிரிக்கும் கிடங்குகளும். விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் பெருந்தொகையினர் பெண்கள். மாலையில் அதே ஜீப்பில் ஊர் திரும்புகின்றனர்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்தையும் உள்ளடக்கியதே. ஆயினும் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் அதன் கீழ்வரம்பாக இருந்தன. நல அலுவலருக்கு அச்சட்டத்தின்கீழ் 300 பேர் வேண்டியிருந்தது. சில ஏக்கர் கொண்ட சிறு உடைமைகள் மிகுந்த ஏலமலையில் இவ்வெண் எட்டாக்கனி. ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொரு மாநிலத்தில் உழைப்பவருக்கு, எந்த அரசின் அலுவலரிடம் முறையிடுவது என்பதே முதற்சிக்கல். அவருக்கு ஆட்சேர்ப்பு, பணி ஒப்படைப்பு, செயல்திறன் மதிப்பீடு ஆகிய அனைத்தையும் செய்பவர் ஜீப்பில் ஆள் ஏற்றிச்செல்பவர். நாளைக்கு வரவேண்டாம் என்ற ஒரு சொல்லே அங்கு மதிப்பீட்டு அறிக்கை. எண்ணை எட்டும் நூற்பாலைகளிலும் நிலை முற்றிலும் வேறன்று. ஆலைக்குள் சான்றிதழ் பெற்ற அலுவலர் அமர்ந்திருக்க, ஊருக்குள் தரகர் ஆள்சேர்ப்பது ஒருசேர நிகழக்கூடியது. திருமணச் செலவுக்கு மொத்தத்தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில ஆண்டு ஆலை விடுதியில் தங்கவைத்த சுமங்கலித் திட்டம் அதற்குத் தமிழகம் அறிந்த எடுத்துக்காட்டு.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’: சான்றிதழற்ற திறனின் கதை

இவ்வெளியை ஆய்வுக் கட்டுரைகள் தவறவிட்டபோது கலைப்படைப்பு ஒன்று கைக்கொண்டது. லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, பள்ளத்தாக்கு அடிவாரத்துக்கும் ஏலமலைக்கும் இடையில் சுமை தூக்கும் ரங்கசாமியின் கதை. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலைப்பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காலால் அளந்து காட்டுகிறது. எந்தப் பாறையில் கால் வைப்பது, எந்த வளைவில் சுமையை இறக்கி இளைப்பாறுவது, எவ்வளவு எடையை எந்தப் பொழுதுக்குள் கொண்டுசேர்ப்பது என்ற அறிவு அப்பாதையில் நடப்போர்க்குத் தலைமுறை வழியாக வந்தது. செயல்திறன் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உருவம் அரிது. அவ்வறிவுக்குச் சான்றிதழ் இல்லை. அதனால் அதற்கு விலையும் இல்லை.

சொந்தமாகச் சிறிது நிலம் என்னும் ரங்கசாமியின் கனவு நிறைவேறிப் பின் கைநழுவுகிறது. இறுதியில் அந்நிலத்தில் காற்றாலை நிற்க, அதற்கே அவர் காவலாளியாகிறார். முறைசார் வேலை என்று உலகம் மதிப்பது அவருக்குக் கிடைத்துவிடுகிறது; அவருடைய திறன் அனைத்தும் தேவையற்றதாகிவிடுகிறது. செய்பவன், செயல், காலம் ஆகிய மூன்றையும் எண்ணி வினையை ஒப்படைக்க வேண்டும் என்ற குறளின் (516) கருத்தை இக்காட்சியோடு வைத்து நோக்கினால், பணி ஒப்படைப்பு என்னும் பாடத்தலைப்பில் அடங்காத ஒரு வினா எழுகிறது: செய்பவனின் திறனை அறியாமலே அவனை அமர்த்தும் வேலையைத் தகுதியான ஒப்படைப்பு எனலாமா?

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மலையின் பேரழகை விலகிநின்று காட்டும் இடங்களில் உழைப்பு காட்சியாக உறைந்துபோகிறது. ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களின் விரல்நுட்பம், ஆண்களின் சுமைநடை பெறும் அளவு கவனத்தைப் பெறவில்லை. எனினும் தொழிலாளியை அளக்கப்படும் பொருளாக அன்றி அறிவுடையவனாக முன்னிறுத்தியதில், மேற்குறித்த ஆய்வுகள் செய்யாததை அது செய்துள்ளது.

சான்றிதழின் பக்கம் ஒரு வாதம்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு சான்றிதழ் வேண்டாம், பட்டறிவே போதும் என்று முடிப்பது எளிது. ஆனால் அது தவறு. பட்டறிவுவழிப் பயிற்சிக்கு அல்லிநகரமே புகழ்பெற்ற சான்று தருகிறது. அவ்வூரில் பிறந்த பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1977இல் ‘16 வயதினிலே’ படத்தைத் தந்தார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த கே. பாக்யராஜ், மணிவண்ணன் ஆகியோர் தாமே இயக்குநர்களாக உயர்ந்தனர். செய்கையே ஒருவரின் பெருமை சிறுமைக்கு உரைகல் என்ற குறளின் (505) கருத்துக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஆயினும் உதவியாளர் முறைக்குள் நுழையும் வாயில் எது என்று கேட்க வேண்டும். பொதுவாக அது அறிமுகம். அறிமுகம் உள்ளவருக்கே வாயில் திறக்கும் எந்தத் தொழிலிலும், நிலையான ஊதியமின்றிப் பல்லாண்டு காத்திருக்க இயன்றவரே எஞ்சுவர். அறிமுகமும் காத்திருக்கும் வசதியும் இல்லாத குடும்பத்தின் மகளுக்கு மனிதவள மேசைக்குச் செல்ல ஒரே வழி பட்டம். சுற்றம் அற்றாரைத் தெளியாதிருக்கச் சொல்லும் உலகில், சுற்றம் இன்றியும் தெளியப்பட உதவும் தாள் அது. கங்காணியின் இடத்துக்குப் படித்தவர் ஒருவர் வர வேண்டும் என்று 1931இல் பரிந்துரைக்கப்பட்டதன் நியாயம் இன்றும் தீரவில்லை. சான்றிதழின் மதிப்பு அது திறக்கும் வாயிலில் உள்ளது. வாயிலைக் கடந்தவர் கோணாமல் நிற்பார் என்பதற்கு அது உறுதி அன்று. 514ஆம் குறள் உரைப்பதும் அதுவே.

செயல்திறனை அளப்பவர் யார்?

மனிதவள நடைமுறைகளுக்கும் நிறுவனச் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பை 1995இல் மார்க் ஹசலிட் அமெரிக்க நிறுவனங்களைக் கொண்டு ஆராய்ந்தபின், அத்தொடர்பு உலகெங்கும் ஆய்வுப்பொருளாயிற்று. நல்ல நடைமுறை நிறுவனத்தை வளர்க்கிறதா, வளர்ந்த நிறுவனம் நல்ல நடைமுறையை மேற்கொள்ள வசதி பெறுகிறதா என்ற காரண காரிய வினா அன்றே எழுந்து இன்றும் பேசப்படுகிறது. இவ்விவாதத்தை அறியாமல் வினாநிரலை மட்டும் பின்பற்றும் ஆய்வுகளில் ஓர் அடிப்படைக் குறை நேர்கிறது. வினாநிரல் நிருவாகத்தின் இசைவோடு ஆலைக்குள் செல்கிறது. மனிதவள அலுவலரே அதனைப் பகிர்ந்து திரட்டித் தருகிறார். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கும் ஐந்து கட்டங்களில் ஒன்றில் தொழிலாளி குறியிடுகிறார். அலுவலரின் தகுதியை அளக்க வந்த தாள் அலுவலரின் கைவழியே திரும்புகிறது. ஆராயப்பட வேண்டியவரே ஆராய்ச்சிக்கு வாயிற்காவலராகும் இந்நிலையில் கிட்டும் எண்களை, எத்தகைய புள்ளியியல் கருவியாலும் தூய்மைப்படுத்த இயலாது.

இதற்கு மாற்று அரியதன்று. தொழிலாளியை ஆலைக்கு வெளியே, ஊரில், அவர் மொழியில் சந்திக்கலாம். எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, முறையிட்டவர் அடுத்த ஆண்டும் பணியில் இருந்தாரா என்று பார்க்கலாம். விபத்து, விடுப்பு மறுப்பு, பணி நீக்கம் ஆகிய பதிவேடுகளை ஒப்புநோக்கலாம். மனிதவள அலுவலரின் செயல்திறன் இவற்றில் தெரியும். களப்பணியிலும் வாய்மொழி வழக்காற்றிலும் பயிற்சியுள்ள தமிழ் ஆய்வாளருக்கு இவ்வழி அயலானதன்று. மேலாண்மைத்துறை ஆய்வாளரைவிட அவருக்கே இது கைவரக்கூடும்.

முடிவுரை

தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகியவற்றை மனிதவள மேலாண்மையோடு பொருத்துவதில் பிழையில்லை. பொருத்தும் திசையில் பிழையுள்ளது. அவ்வதிகாரங்களின் வினைசெய்வான் தொழிலாளி அல்லன். பிறர் வாழ்வின்மீது அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவன். அவனைத் தேர்வது கடினம் என்பதையும், தேர்ந்தபின் அவன் மாறக்கூடும் என்பதையும், ஆகவே நாள்தோறும் ஆராயப்பட வேண்டியவன் என்பதையும் அவை படிப்படியாக உரைக்கின்றன. கங்காணியைத் தேர்ந்த சுற்றமும் மனிதவள மேலாளரைத் தேரும் சான்றிதழும் தம்மளவில் இவ்வாராய்ச்சிக்கு ஈடாகா. நல அலுவலருக்குத் தொழிலாளியின் மொழியைத் தகுதியாகவும் சாய்வின்மையைக் கட்டுப்பாடாகவும் வைத்த விதிகள் குறளுக்கு அணுக்கமாக நிற்கின்றன. அவ்விதிகள் எண்ணிக்கை வரம்பால் கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பாலான உழைப்பாளரைச் சென்றடையவில்லை. சென்றடைந்த இடத்திலும் பெயர் மாற்றத்தால் மங்கின.

மேசையின் ஒருபுறம் அமரவிருக்கும் மாணவருக்குத் தமிழ்த்துறை கற்பிக்க வேண்டியது, எதிர்ப்புறம் நிற்பவரைத் தெளியும் வழிகளை மட்டும் அன்று. நாள்தோறும் தெளியப்பட வேண்டியவர் தாமே என்பதை அம்மாணவர் குறளிலிருந்து பெற்றுச்செல்வாராயின், பட்டத்தின் பின்னொட்டாக எழுதப்படும் தகுதி என்னும் சொல் 111ஆம் குறளில் கொண்டிருந்த பொருளை மீண்டும் பெறும்.